ஒரு நாள்தான் இருக்கிறது: கோட்டையா, நந்தம்பாக்கமா, எழும்பூரா?

போன மாதம் தென்காசியிலிருந்து என் மனைவியின் அண்ணன் போன் செய்தார். "மாப்ளே, ஒருநாள்தான் கையில இருக்கு. வெள்ளைக்காரன் காலத்து இடம், யுத்த நினைவிடம் இதெல்லாம் பாக்கணும்னு பிள்ளை சொல்லுது. எங்க கூட்டிட்டுப் போகலாம்?" பிள்ளை என்றது அவர் மகளை. பதினோராம் வகுப்பு படிக்கிறாள், வரலாறு என்றால் உயிர். போனை வைக்கப் போகும் நேரத்தில் குரலைக் கொஞ்சம் தாழ்த்திக்கொண்டு இன்னொன்றும் கேட்டார்: "அந்தக் கல்லறைத் தோட்டத்துல நம்ம பெரிய தாத்தா பேரு இருக்குமா?"

அவருடைய தாத்தாவின் அண்ணன் இரண்டாம் உலகப் போரில் பட்டாளத்துக்குப் போனவர். பர்மாவில் இறந்துவிட்டதாகக் கடிதம் வந்தது, உடல் வரவில்லை. வீட்டில் ஒரு போட்டோ கூட இல்லை.

சென்னையில் இந்த வகை இடங்களைப் பட்டியல் போட்டால் பத்துக்கு மேல் தேறும். ஒரே நாளில் எல்லாவற்றையும் காட்டுகிறோம் என்று சொல்லும் டூர் வண்டிகளும் ஓடுகின்றன. சில வருடங்களுக்கு முன்பு விருந்தாளிகளோடு அப்படி ஒன்றில் ஏறினோம். கோட்டையில் எங்களுக்குக் கிடைத்தது இருபது நிமிடம். அதில் பாதி, நுழைவாயிலில் பையைத் திறந்து காட்டுவதிலேயே போய்விட்டது. இந்த இடங்களெல்லாம் நின்று படிக்க வேண்டிய இடங்கள். ஓடிக்கொண்டே பார்த்தால் ஒன்றும் மனசில் தங்காது. அதனால் நான் எப்போதும் மூன்று வழிகளைச் சொல்லி, அதில் ஒன்றை மட்டும் எடுத்துக்கொள்ளச் சொல்வேன். கோட்டையும் அதைச் சுற்றியுள்ள கடற்கரைப் பக்கமும் ஒரு வழி. நந்தம்பாக்கம் போர்க் கல்லறைத் தோட்டம் இன்னொரு வழி. எழும்பூர் அருங்காட்சியகமும் மவுண்ட் ரோடும் மூன்றாவது.

முதலில் கோட்டை. ஏறக்குறைய எல்லோரும் கேட்பது இதைத்தான், அதில் தப்பும் இல்லை. 1639இல் கிழக்கிந்தியக் கம்பெனிக்காரர்கள் வாங்கிய மணல் திட்டில், அடுத்த ஆண்டு எழும்பத் தொடங்கியது புனித ஜார்ஜ் கோட்டை. இந்த ஊரே அதைச் சுற்றித்தான் வளர்ந்தது. இன்றைக்கும் தலைமைச் செயலகமும் சட்டப்பேரவையும் உள்ளேதான் இருக்கின்றன, ராணுவமும் இருக்கிறது. ஆகவே அடையாள அட்டை இல்லாமல் போகாதீர்கள். வேலை நாட்களில் மனு கொடுக்க வருபவர்களின் கூட்டம் இருக்கும், சனிக்கிழமை பரவாயில்லை. வெள்ளிக்கிழமை மட்டும் வேண்டவே வேண்டாம், அருங்காட்சியகத்துக்கு அன்று விடுமுறை.

கோட்டை அருங்காட்சியகத்தில் நான் அதிக நேரம் நிற்பது கம்பெனி காலத்து கவர்னர் ஜெனரல் காரன்வாலிஸ் சிலைக்கு முன்னால். ஆளுயரத்தைவிடப் பெரிய பளிங்குச் சிலை. எல்லோரும் நிமிர்ந்து அவர் முகத்தைப் பார்த்துவிட்டு நகர்ந்துவிடுவார்கள். நீங்கள் குனிந்து பீடத்தைப் பாருங்கள். 1792இல் மூன்றாம் மைசூர்ப் போர் முடிந்தபோது, திப்பு சுல்தான் தன் இரண்டு பிள்ளைகளைப் பிணையாகக் கொடுக்க வேண்டி வந்தது. அந்தக் காட்சியைப் பீடத்தில் செதுக்கியிருக்கிறார்கள். மூத்தவனுக்குப் பத்து வயது இருக்கும், இளையவனுக்கு எட்டு. வென்றவர்கள் தங்கள் பெருந்தன்மையைக் காட்டுவதாக நினைத்துச் செய்த வேலை அது. எனக்கோ, பெற்றவனை விட்டுவிட்டு அந்நியன் கையைப் பிடிக்கப் போகிற இரண்டு பையன்கள்தான் தெரிகிறார்கள். சிற்பி நினைத்ததும் நாம் பார்ப்பதும் இப்படி விலகிப் போவதைக் கண்ணெதிரே காட்டும் பொருள் இந்த ஊரில் வேறு இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை.

அதே கட்டடத்தில், 1947 ஆகஸ்ட் 15 அன்று இந்தக் கோட்டையில் ஏற்றிய மூவர்ணக் கொடியைப் பாதுகாத்து வைத்திருக்கிறார்கள். சாயம் மங்கிய துணி, குறைந்த வெளிச்சம். சத்தம் போட்டுக்கொண்டு வந்தவர்கள்கூட அங்கே தானாக அமைதியாகிவிடுவதை ஒவ்வொரு முறையும் பார்க்கிறேன்.

அப்புறம் புனித மேரி தேவாலயம். 1680இல் திறந்தது. சூயஸுக்குக் கிழக்கே இருக்கும் ஆங்கிலிக்கன் தேவாலயங்களில் மிகப் பழமையானது இதுதான். ராபர்ட் கிளைவ் கல்யாணம் செய்துகொண்டது இங்கே, 1753இல். ஆனால் என்னை இழுப்பது உள்ளே இருப்பதைவிட வெளியே தரையில் பதித்திருக்கும் கல்லறைக் கற்கள். இவை இங்கே புதைக்கப்பட்டவர்களின் கற்கள் இல்லை. பழைய இடுகாடு, இன்று உயர்நீதிமன்றமும் பழைய சட்டக் கல்லூரி வளாகமும் இருக்கும் பக்கத்தில் இருந்தது. 1758-59இல் லாலியின் தலைமையில் பிரெஞ்சுப் படை முற்றுகையிட்டபோது, அந்தச் சமாதிகளின் மறைவில் நின்றுகொண்டு கோட்டையைத் தாக்கியது. முற்றுகை முடிந்ததும் ஆங்கிலேயர்கள் சமாதிகளை இடித்து, எழுத்துள்ள கற்களை மட்டும் பெயர்த்துக்கொண்டு வந்து தேவாலயத்தைச் சுற்றிப் பாவிவிட்டார்கள். அவற்றில் 1652ஆம் ஆண்டுக் கல் ஒன்று உண்டு, எலிசபெத் பேக்கர் என்ற பெண்மணியுடையது. கோட்டைக்கு வரும் வழியில் கப்பலிலேயே இறந்து போனவள். மெட்ராஸ் என்பது பிழைக்குமா பிழைக்காதா என்று தெரியாமல் இருந்த காலத்துக் கல் அது.

அந்தக் கற்களை மிதிக்காமல் நடக்க முடியாது. நாங்கள் முன்பொரு தடவை போனபோது என் தங்கை மகன், ஆறு வயது, செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டான். யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை. மே மாதம், கல் கொதிக்கிறது. கட்டை விரலை ஊன்றி ஊன்றி ஒவ்வொரு எழுத்தாகத் தாண்டித் தாண்டிப் போனான்.

கோட்டை வழியில் எனக்கு ஒரு மனக்குறை உண்டு. உள்ளே இருக்கும் பொருள்கள் பெரும்பாலும் கம்பெனியின் பார்வையிலேயே கதை சொல்கின்றன. கோட்டைக்கு வடக்குச் சுவரை ஒட்டி நெசவாளர்களும் வியாபாரிகளும் வண்ணார்களும் வாழ்ந்த ஊர் ஒன்று இருந்தது. அதைக் கறுப்பர் நகரம் என்றார்கள். 1746இல் பிரெஞ்சுக்காரர்கள் கோட்டையைப் பிடித்து, மூன்று ஆண்டு வைத்திருந்து, ஒப்பந்தப்படி திருப்பிக் கொடுத்தார்கள். பட்ட அடி மறக்குமா? கோட்டையிலிருந்து பீரங்கி சுடத் திறந்த வெளி வேண்டும் என்று, அடுத்து வந்த ஆண்டுகளில் ஆங்கிலேயர்கள் அந்த ஊரையே இடித்துத் தள்ளினார்கள். இனி இந்த எல்லைக்குள் யாரும் வீடு கட்டக்கூடாது என்று கல்லும் நட்டார்கள். 1773 என்று ஆண்டு பொறித்த அந்த எல்லைத் தூண்களில் ஒன்று பாரிமுனையில், பாரி கட்டடத்தின் ஓரத்தில் இன்னும் நிற்கிறது. தினமும் ஆயிரக்கணக்கானவர்கள் கடந்து போகிறார்கள். போரில் ஊரை இழந்த தமிழர்களுக்கும் தெலுங்கர்களுக்கும் மெட்ராஸில் ஒரு நினைவுக்கல் இருக்கிறது என்றால், என்னைப் பொறுத்தவரை அது இந்தத் தூண்தான். கோட்டைக்குப் போகிறவர்கள் பத்து நிமிடம் கூடுதலாக ஒதுக்கி இதையும் பார்க்க வேண்டும் என்று நான் வற்புறுத்திச் சொல்வேன்.

அங்கிருந்து நடக்கிற தூரத்தில் உயர்நீதிமன்றச் சுற்றுச்சுவர். அதில் எம்டன் கப்பலின் குண்டு விழுந்ததைச் சொல்லும் கல்வெட்டு. 1914 செப்டம்பர் 22 இரவு, ஒன்பதரை மணி வாக்கில் ஜெர்மானியப் போர்க்கப்பல் எம்டன், கரைக்கு அருகே விளக்குகளை அணைத்துக்கொண்டு வந்து, அரை மணி நேரத்தில் சுமார் 130 குண்டுகளைச் சுட்டது. துறைமுகத்துப் பக்கம் பர்மா எண்ணெய்க் கம்பெனியின் தொட்டிகள் பற்றி எரிந்தன. இறந்தவர்கள் ஐந்து பேர்தான். ஆனால் ஜனங்கள் மூட்டை கட்டிக்கொண்டு ரயிலடிக்கு ஓடினார்கள். கப்பல் அந்த நவம்பரிலேயே கோகோஸ் தீவருகே ஆஸ்திரேலியக் கப்பலிடம் அடிபட்டு முடிந்துபோனது. பெயர் மட்டும் தமிழில் தங்கிவிட்டது. "அவன் பெரிய எம்டன்" என்று என் பாட்டி சொன்னால், ஆள் சாமர்த்தியக்காரன், ஜாக்கிரதையாக இரு என்று பொருள். பாட்டிக்கு அது கப்பல் பெயர் என்றே தெரியாது. பிள்ளைகளோடு போகிறவர்கள் இந்தச் சுவரில் ஆரம்பியுங்கள், கோட்டை அருங்காட்சியகத்தில் அந்தக் குண்டின் துண்டைத் தேடச் சொல்லுங்கள். ஆர்வமாகத் தேடுவார்கள்.

நேப்பியர் பாலத்துக்கு அருகில் கடற்கரைச் சாலை தொடங்கும் இடத்தில் இருக்கும் போர் நினைவுச் சின்னமும் இந்த வழியிலேயே வருகிறது. முதல் உலகப் போரில் நேச நாடுகள் வென்றதற்காக எழுப்பியது. பிறகு இரண்டாம் உலகப் போர், காஷ்மீர் போர், 1962, 1965, 1971 என்று ஒவ்வொன்றாகச் சேர்ந்துகொண்டது. மாலை வெயில் தாழ்ந்தபின் போய் ஒரு கால் மணி நேரம் நின்றால் போதும். இதற்காகவே ஒரு நாளை ஒதுக்க வேண்டாம்.

இரண்டாவது வழி, நந்தம்பாக்கம். ஆலந்தூர் மெட்ரோவில் இறங்கி, பூந்தமல்லி போகும் சாலையில் ஆட்டோ பிடித்தால் சில கிலோமீட்டர்தான். வர்த்தக மையம் இருக்கும் அதே சாலையில்தான் இந்தக் கல்லறைத் தோட்டமும் இருக்கிறது. கட்டணம் கிடையாது, கூட்டம் கிடையாது, சாப்பாட்டுக் கடை கிடையாது. வெளியே லாரி ஹாரன், உள்ளே வெட்டிச் சீராக்கிய புல்.

காமன்வெல்த் போர்க் கல்லறை ஆணையம் 1952இல் அமைத்த இடம். தென்னிந்தியாவிலும் கிழக்கிந்தியாவிலும் அங்கங்கே கவனிக்க ஆளில்லாமல் போகக்கூடிய கல்லறைகளிலிருந்து எடுத்து வந்து இங்கே அடக்கம் செய்தார்கள். இரண்டாம் உலகப் போரில் இறந்த 850க்கும் மேற்பட்டவர்கள் இருக்கிறார்கள். முதல் உலகப் போரில் இறந்து இந்தியாவின் பல ஊர்களில் புதைக்கப்பட்ட ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்களின் பெயர்களைத் தாங்கிய நினைவுச் சின்னமும் இங்கேயே உண்டு.

கோட்டையில் கவர்னர்களும் தளபதிகளும்தான் பேசப்படுகிறார்கள். இங்கே யாருமே பெரிய ஆள் இல்லை. அதிகாரி, சிப்பாய் என்று கல்லில் வித்தியாசம் கிடையாது. எல்லாம் ஒரே அளவு, ஒரே வரிசை. படைப்பிரிவின் சின்னம், எண், பெயர், தேதி, வயது. வயதைப் படித்துக்கொண்டே போனால் நடை தானாக மெதுவாகிவிடும். பத்தொன்பது, இருபத்தொன்று, இருபத்து மூன்று. சில கற்களின் அடியில் குடும்பத்தார் அனுப்பிய ஒரு வரி இருக்கும். இந்த ஊர் எங்கே இருக்கிறது என்றே தெரியாத ஒரு தாய், தன் மகனுக்கு எழுதியது.

சரி, வெள்ளைக்காரச் சிப்பாய்களின் கல்லறையை நாம் ஏன் போய்ப் பார்க்க வேண்டும் என்று ஒரு நண்பர் என்னிடம் கேட்டார். நியாயமான கேள்விதான். நம்மை ஆண்ட படையில் இருந்தவர்கள். நான் சொன்ன பதில், அங்கே நின்றால்தான் நம் ஆட்கள் எங்கே என்ற கேள்வி வரும் என்பது. முதல் உலகப் போருக்கு இந்தியாவிலிருந்து 13 லட்சம் பேருக்கு மேல் போனார்கள், சுமார் 74,000 பேர் திரும்பவில்லை. இரண்டாவதில் 25 லட்சம் பேர், இறந்தவர்கள் சுமார் 87,000. பல ஊர்களில் பழைய பள்ளிக்கூடச் சுவரிலோ சாவடியிலோ ஒரு சின்னப் பளிங்குக் கல் இருக்கும். இந்த ஊரிலிருந்து இத்தனை பேர் பெரும்போருக்குப் போனார்கள், இத்தனை பேர் உயிர் கொடுத்தார்கள் என்று எண்ணிக்கை மட்டும் சொல்லும், பெயர் சொல்லாது. நந்தம்பாக்கத்தில் ஒவ்வொருவருக்கும் பெயர் இருப்பதைப் பார்த்த பிறகு அந்தக் கல் வேறு மாதிரி உறுத்தும்.

மச்சானுடைய கேள்விக்கு நான் போனிலேயே உண்மையைச் சொல்லிவிட்டேன். பெரிய தாத்தா பெயர் இங்கே இருக்க வாய்ப்பு குறைவு. இந்து வீரர்களைப் பெரும்பாலும் எரித்தார்கள், காட்டில் இறந்த பலருடைய உடல் கிடைக்கவே இல்லை. பர்மாப் போரில் இறந்து கல்லறை இல்லாமல் போன ஏறத்தாழ 27,000 பேரின் பெயர்களை ரங்கூனுக்கு வெளியே தௌக்யான் என்ற இடத்தில், தூண் தூணாகப் பொறித்து வைத்திருக்கிறார்கள். அவர்களில் பெரும்பாலோர் இந்தியப் படையினர். கல்லறை ஆணையத்தின் இணையதளத்தில் பெயர் போட்டுத் தேடலாம், காசு கேட்பதில்லை. நம் பெயர்களை ஆங்கிலத்தில் கண்டபடி எழுதியிருப்பார்கள் என்பதால், எழுத்தை மாற்றி மாற்றித் தேட வேண்டும். அப்பா பெயரும் ஊர்ப் பெயரும் பல பதிவுகளில் இருக்கும். அதை வைத்துத்தான் இவர் நம்மவரா என்று உறுதி செய்ய முடியும். உங்கள் குடும்பத்திலும் இப்படி ஒருவர் இருந்தால், கிளம்புவதற்கு முன்பே வீட்டுப் பெரியவர்களிடம் படைப்பிரிவின் பெயரைக் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள்.

இந்த வழியைத் தேர்ந்தால் மதியத்துக்கு மேல் கிண்டிக்குப் போகலாம். காந்தி மண்டப வளாகத்தில் தியாகிகள் மண்டபமும் இருக்கிறது. காலையில் ஆங்கிலேய மன்னரின் படையில் இறந்தவர்கள், மாலையில் அந்த ஆட்சியை எதிர்த்தவர்கள். மர நிழல் நிறைய, வயதானவர்கள் உட்கார இடமும் உண்டு.

மூன்றாவது வழியை யாரும் கேட்பதில்லை, எனக்கு அது வருத்தம். எழும்பூர் அருங்காட்சியகத்துக்குப் போகிறவர்கள் சோழர் காலச் செப்புத் திருமேனிகளைப் பார்த்துவிட்டுத் திரும்பிவிடுகிறார்கள். அதில் குறை சொல்ல என்ன இருக்கிறது, பார்க்க வேண்டியவைதான். ஆனால் அங்கே நீல் சிலையும் இருக்கிறது. கர்னல் நீல் 1857இல் சிப்பாய்ப் புரட்சியை அடக்க மெட்ராஸிலிருந்து படையோடு வடக்கே போய், அலகாபாத்திலும் கான்பூரிலும் கண்ணில் பட்டவர்களையெல்லாம் தூக்கில் போட்டவர். லக்னோவில் செத்தார். அவருக்கு மவுண்ட் ரோட்டில் சிலை வைத்தார்கள். 1927இல் அதை அகற்றச் சொல்லி சத்தியாக்கிரகம் நடந்தது. தொண்டர்கள் வந்து கைதாகி, அடுத்த குழு வந்து கைதாகி, இப்படியே போனது. முன்னின்று நடத்தியவர் திருநெல்வேலி சோமயாஜுலு. 1937இல் ராஜாஜி முதலமைச்சரானதும் சிலையைத் தெருவிலிருந்து எடுத்து அருங்காட்சியகத்துக்கு அனுப்பினார்கள். உடைக்கவில்லை, உருக்கவில்லை. எந்தக் கூடத்தில் இருக்கிறது என்று ஊழியரிடம் கேட்டுப் போங்கள். ஆளும் அதே, உருவமும் அதே, ஆனால் தெருவில் நின்றபோது இருந்த அதிகாரம் அதற்கு இப்போது இல்லை.

அங்கிருந்து அரசினர் தோட்டம் வந்தால் ராஜாஜி மண்டபம். 1802இல் கட்டி முடித்த விருந்து மண்டபம் அது. பிளாசியில் வென்றதையும் ஸ்ரீரங்கப்பட்டணத்தில் திப்புவை வீழ்த்தியதையும் கொண்டாடக் கட்டியது. உள்ளே பொதுவாக விடமாட்டார்கள், அகலமான அந்தப் படிக்கட்டைப் பார்த்தாலே போதும். அண்ணா, காமராஜர், எம்.ஜி.ஆர், ஜெயலலிதா, கருணாநிதி எல்லோரையும் மக்கள் கடைசியாகப் பார்த்தது இந்தப் படிகளில்தான். திப்பு தோற்றதைக் கொண்டாடி வெள்ளைக்காரர்கள் குடித்து ஆடிய இடத்தில் தமிழ்நாடு அழுதிருக்கிறது. மெட்ராஸ் கவர்னராக இருந்த மன்றோ தீவுத்திடலில் இன்னும் குதிரைமேல் அமர்ந்திருக்கிறார், அவரையும் போகிற வழியில் பார்த்துக்கொள்ளலாம்.

இதில் எதை எடுப்பது? பள்ளிப் பிள்ளைகள் கூட வந்தால் கோட்டை. பொருள், சுவர், பீரங்கி, கொடி என்று கண்ணுக்கு நிறைய இருக்கிறது. எம்டன் கல்வெட்டில் தொடங்கி, எல்லைத் தூண், கோட்டை, தேவாலயம் என்று பார்த்துவிட்டு, மாலையில் போர் நினைவுச் சின்னத்தில் முடித்தால் ஒரு நாள் நிறைவாக இருக்கும். காலை ஒன்பதரைக்கே ஹைகோர்ட் மெட்ரோவில் இறங்கிவிட வேண்டும், பதினொன்றுக்கு மேல் வெயிலில் தேவாலய முற்றத்தில் கால் வைக்க முடியாது. முன்பே கோட்டையைப் பார்த்தவர்களுக்கும், மழை நாளில் வருகிறவர்களுக்கும் எழும்பூர்.

அரை நாள்தான் இருக்கிறது, ஒரே ஒரு இடம் என்றால், நான் யோசிக்காமல் நந்தம்பாக்கம் என்பேன். மூன்றில் பார்க்க மிகக் குறைவாக இருப்பது அங்கேதான். ஆனால் போரில் ஒரு வீடு எதை இழந்தது என்பதை நேருக்கு நேர் சொல்லும் இடமும் அதுதான். கோட்டைக்குப் போய்விட்டு வந்தவர்கள் ஆட்சிகளைப் பற்றிப் பேசுகிறார்கள். நந்தம்பாக்கத்திலிருந்து வந்தவர்கள் ஒரு பெயரையும் ஒரு வயதையும் சொல்கிறார்கள்.

மச்சான் குடும்பமும் நந்தம்பாக்கத்தைத்தான் எடுத்தது, பெயர் இருக்காது என்று தெரிந்தும். வாசலருகே பார்வையாளர் பதிவேடு இருந்தது. பிள்ளை அதை வாங்கி, "மாமா, நாம வந்தோம்னு எழுதலாமா, இல்ல அவங்க பேரை எழுதலாமா?" என்று கேட்டாள். எதை வேண்டுமானாலும் எழுதம்மா என்றேன். பெரிய தாத்தா பெயரைத் தமிழில் எழுதி, பக்கத்தில் ஊர்ப் பெயரையும் எழுதினாள். மச்சான் அதைப் படித்துவிட்டு, ஊர்ப் பெயருக்கு முன்னால் விட்டுப்போன தெருப் பெயரைச் சேர்க்கச் சொன்னார்.